வன்னியில் வேதம் – 7: கழுத்திலே ஒரு செபமாலை

தொன் பிலிப்பு நல்லமாப்பாணன். தொன் கஸ்பார் இலங்கைநாராயணன். தொன் தியோகு புவிநல்லமாப்பாணன். யாழ்ப்பாணத்து ஒல்லாந்தக் கொம்மாந்தர் ஹென்றிக் சுவார்டேகுரூன் 1697இல் தனக்குப் பின் வருவோருக்காக எழுதிவைத்த அறிக்கையில் வன்னித் தலைவர்களின் பெயர்கள் இப்படித்தான் வருகின்றன. முன்பாதி லிஸ்பன், பின்பாதி வன்னி. ஞானஸ்நானம் எடுத்த தலைவனுக்குப் போர்த்துக்கேயர் ‘தொன்’ என்ற பட்டத்தைக் கொடுத்தார்கள். பட்டம் தந்தவர்கள் 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்து, கப்பலேறிப் போய் அப்போதே ஏறத்தாழ நாற்பது ஆண்டு ஆகிவிட்டிருந்தது. பட்டம் மட்டும் போகவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு வன்னிமையோடு சேர்ந்தே வந்தது.

இந்தத் தொன்மார் காலையில் எழுந்து யாரைக் கும்பிட்டார்கள்? அவர்களின் ஊர்களில் நின்ற கோவில்களைப் பார்த்தால் பதில் ஓரளவு தெரியும். சென்ற இதழில் பார்த்த போர்த்துக்கேய வேதபோதகத்தின் மிச்சம் வன்னியில் இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி பட்டமில்லாத சனங்களிடம் இருந்தது. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

முதலில் முள்ளியவளை. பனங்காமம், கரிக்கட்டுமூலை, தென்னமரவடி போல அதுவும் அன்று வன்னியின் ஒரு பற்று. முல்லைத்தீவுக் கரையிலிருந்து நாலைந்து கட்டை உள்ளே, குளமும் வயலும் காடுமாகக் கிடக்கிற ஊர். வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் கடலுக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வருவார்கள். அந்த உப்பு நீரை ஊற்றிக் காட்டா விநாயகர் கோவிலில் விளக்கெரிப்பார்கள். பிறகு அங்கிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மனிடம் போவார்கள். கோவலன் கூத்து ஆடுகிற ஊர். வயலில் விதைக்கிற நாளும், வேட்டைக்குப் போகிற நாளும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நேர்த்தி வைக்கிற இடமும் கோவிலோடு பின்னிக்கிடக்கும். ஒருவன் வேதத்துக்கு மாறினால் அவனுக்கு மாறுவது கடவுள் மட்டுமல்ல. தண்ணீர் முறை, வயற்பங்கு, மாமன் மச்சான் எல்லாம் ஆட்டங்காணும். வேதம் சொல்ல வந்தவர்களுக்கு முள்ளியவளை ஒருநாளும் லேசான ஊராக இருந்ததில்லை. இந்தத் தொடர் அடிக்கடி அங்கே திரும்பிப் போவதும் அதனால்தான். எங்கே எடுபட்டது என்பதைவிட எங்கே எடுபடவில்லை, ஏன் எடுபடவில்லை என்பதே சரித்திரம் எழுதுகிறவனுக்கு அதிகம் கற்றுத்தரும்.

ஒல்லாந்தருக்கு வன்னியிடமிருந்து வேண்டியது யானை. வன்னிமையர் திறையாகக் கட்டவேண்டியதும் யானையே. பிடித்த யானைகளை வடக்கே நடத்திக்கொண்டு போய், ஏரியைக் கடக்கவைத்து, தீவுப்பற்றுத் துறைகளில் கப்பலேற்றி விற்றார்கள். ஆனையிறவு என்ற பெயர் இன்றும் அந்த வியாபாரத்துக்குச் சாட்சி. திறை பிந்தினால் கொம்மாந்தரின் கடிதம் வரும். ஆத்துமத்தைப் பற்றி அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. குடாநாட்டில் அப்படியல்ல. அங்கே கோவிற்பற்றுதோறும் ஒரு தேவாலயம், அதனோடு ஒரு பள்ளிக்கூடம், சட்டம்பியார், பிள்ளைகளின் பெயர் எழுதிய தோம்பு, வராத பிள்ளைக்குத் தண்டம். கலியாணம் சட்டப்படி செல்ல வேண்டுமா, முதலியார் வேலை வேண்டுமா, முதலில் ஞானஸ்நானம். 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் இருந்த பிலிப்பு பால்டேயஸ் பாதிரியார் தன் பெரிய நூலில் இந்த ஆலயங்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு வருணிக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை, கூட்டத்துக்கு வருவோர் எத்தனை என்று கணக்கும் தருகிறார். சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள் என்று பதிவானவர்களின் தொகை பிற்காலத்தில் இலட்சத்தைத் தாண்டியது. இந்தக் கணக்கை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது என்னவாயிற்று என்று பார்ப்போம்.

ஒல்லாந்தர் தங்கள் மதத்தைப் பரப்பியதோடு நிற்கவில்லை. கத்தோலிக்கரின் வாயையும் கட்டினார்கள். 1658 செப்டெம்பர் 19ஆம் தேதிக் கட்டளை கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்றது. குருமார் வெளியேற்றப்பட்டார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. சாகிறவனுக்கு அவஸ்தை பூசுவதற்கும் ஆள் இல்லை. இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டு. ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்றுவிடும். அந்த முப்பது ஆண்டில் வேதம் அழியாமல் இருந்ததென்றால், அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் பாட்டிமாரும் தாய்மாரும்தான். இருட்டின பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். (செபத்தை மந்திரம் என்று சொல்வது நம் பழைய கத்தோலிக்கர் வழக்கம்.) 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்து மருதமடுவில் குடியேறியதும் இந்தக் காலத்திலே என்பது மடுக்கோவில் மரபு. காடு ஒல்லாந்தனுக்கு யானை பிடிக்கிற இடம், வேதக்காரருக்கு ஒளிகிற இடம்.

கோவாவில் இந்தச் செய்தியைக் கேட்டு மனம் பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். யோசவ்வாஸ் அடிகள், 1651 ஏப்ரல் 21இல் பெனோலிமில் பிறந்தவர். கொங்கணி பேசுகிற பிராமணக் கிறிஸ்தவக் குடும்பம். இலங்கைக்குப் போகவேண்டும் என்று கேட்டபோது மேலிடம் தயங்கியது. வெள்ளைக்காரக் குரு போனால் தோல் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். இவர் தோல் நம்மவர் தோல். 1687இல், யுவான் என்ற இளைஞனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, தூத்துக்குடியில் கப்பலேறினார். அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலிக்காரன் போல் உடுத்திருந்தார். காற்றும் கடலும் அலைக்கழித்து, கடைசியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருவருக்கும் வயிற்றுளைவு. தொற்று நோயாக இருக்கும் என்று ஊரார் பயந்து, ஊருக்கு வெளியே பற்றைக்குள் ஒதுக்கிவிட்டார்கள். அங்கே ஒரு பெண் நாள் தவறாமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதனால்தான் உயிர் தப்பினார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரில்லை. அவள் வேதக்காரியா, சைவக்காரியா என்பதும் இல்லை. வேதம் கொடுக்க வந்தவர் முதலில் வாங்கினது கஞ்சி. அந்தக் கஞ்சிக்கு அவள் எந்தக் கடவுளின் பெயரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு தாண்டி ஒரு எட்டு வைக்கிறேன். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. முல்லைத்தீவுக் கரையோரத்தைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. இராயப்பர் கோவிலும் போனது. பிழைத்த வேதக்காரச் சனம் ஈர உடுப்போடு ஏறி வந்தது தண்ணீரூற்றுக்கும் முள்ளியவளைக்கும்தான். பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துப் படுத்தார்கள். வைகாசியில் அந்தக் கடலுக்குத் தீர்த்தமெடுக்கப் போகிற ஊர், மார்கழியில் கடலோரத்தாருக்குச் சோறு சமைத்தது. வன்னியில் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை எப்படிப் பகிர்ந்தார்கள் என்று எழுதுகிறபோது, பகிர்வு ஒருவழிப் பாதையாக இருந்ததே இல்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வாஸ் அடிகளிடம் வருவோம். உடம்பு தேறியதும் அவருக்கு ஒரு சிக்கல். யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாயைத் திறந்து கேட்டால், கேட்கப்படுகிறவன் ஒல்லாந்தனின் ஆளாக இருந்துவிடலாம். கேட்கப்படுகிறவனுக்கும் இதே பயம். அவர் கண்டுபிடித்த வழி இது: கழுத்திலே பெரிய செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டிக்கொண்டு, வீட்டுக்காரரின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தார். சிலர் அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். சிலரின் கண் மாலையில் போய்த் தட்டி நின்றது, முகம் மாறியது. அந்த முகங்களைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்த ஊர் சில்லாலை. அங்கே அவர் குரு என்று தெரிந்ததும் சனம் அவரை மறைத்துவைத்தது. பகலில் வீட்டுக்குள், இரவில் பூசை, விடியுமுன் வேறு வீடு. மறைத்தவனுக்குச் சட்டப்படி மரண தண்டனை என்பதை மறந்துவிடக்கூடாது. யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். அவர் அவர்களுக்குப் பூசை வைத்தார்.

வேதபோதகத்தைப் பற்றிய எத்தனையோ பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் பிச்சைக்காரக் கோலத்தில் இருக்கிற புத்தி அவற்றில் பலவற்றில் இல்லை. பேசாமல் நின்றார், எதிரில் இருப்பவர் தானாக வாய் திறக்கும்வரை காத்திருந்தார். ஒலிபெருக்கி கட்டிக் கூவுகிறவர்களுக்கு இது விளங்காது.

ஒல்லாந்தர் மோப்பம் பிடித்ததும் சில்லாலை அவருக்குத் தங்குமிடமாக இல்லாமற் போயிற்று. 1690 அளவில் கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்கு இறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். சிறையிலும் சிங்களம் படித்தார். பிறகு அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் மனம் இளகி, அவரை நடமாட விட்டான். 1696 வாக்கில் கோவாவிலிருந்து துணைக்குருமாரும் வரத் தொடங்கினார்கள். கண்டியை நடுவாக வைத்துக்கொண்டு ஒல்லாந்தர் ஆட்சிக்குள்ளும் வன்னிக்குள்ளும் கால்நடையாகப் போய் வந்தார்கள்.

ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். மிச்சம் முந்நூற்றைம்பது நாளுக்கும் என்ன செய்வது? வாஸ் அடிகள் செய்த ஏற்பாடு இன்றுவரை நம் கரையோரக் கிராமங்களில் பெயரளவிலாவது நிற்கிறது. ஊருக்கு ஒரு மூப்பர். கோவில் பொறுப்பு, சனங்களின் வழக்கு வம்பு, குரு வரும் செய்தியை வீடு வீடாகச் சொல்வது எல்லாம் அவர் தலையில். செபம் சொல்லவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கவும் ஓர் அண்ணாவி. கோவிலைத் திறந்து பூட்ட, விளக்கேற்ற, சாமான் சட்டிகளைக் காக்க ஒரு சங்கிலித்தாம். சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகிறவன் பக்கத்தில் இருந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லவும் இவர்களுக்குப் பழக்கிக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. பிடிபட்டால் அடி, தண்டம், சிறை.

இதை ஒல்லாந்தச் சட்டம்பியாரோடு வைத்துப் பாருங்கள். அவருக்குச் சம்பளம் இருந்தது, அரசாங்கத்தின் நிழல் இருந்தது, தோம்பு எழுதுகிற அதிகாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வராதவனின் பெயரை மேலே அனுப்பலாம். அவர் படிப்பித்த பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவித்தார்கள். வீட்டுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டார்கள். ஒல்லாந்தப் பாதிரிமாருக்கே இது தெரியும். தங்கள் கடிதங்களில் இதைச் சொல்லிச் சலித்துக்கொண்டார்கள். பெயருக்குக் கிறிஸ்தவன், பழக்கத்துக்குச் சைவன். சனங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காணி தப்பவேண்டும் என்றால் யாரும் தலையில் தண்ணீர் வாங்கிக்கொள்ளத்தான் செய்வார்கள்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நம் ஊர்ப் பேச்சில் அம்மாள் வருத்தம். அரசன் நகரை விட்டுப் போனான், பிரபுக்களும் போனார்கள். நோய் கண்டவர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவது அங்கே வழக்கம். சொந்தப் பிள்ளையையே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் வீட்டில் வைத்திருந்தால் எல்லோரும் போய்விடுவார்கள் என்ற பயம். வாஸ் அடிகளும் அவர் உறவினரான கர்வாலோ அடிகளும் நகரத்திலேயே நின்றார்கள். காட்டுக்குப் போய்த் தேடித் தேடிக் குடிசை போட்டார்கள். வீடுகளில் இடம் பிடித்து நோயாளிகளைக் கிடத்தினார்கள். நாளுக்கு இரண்டு முறை சுற்றிவந்து சாப்பாடு கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்தவர்களைத் தங்கள் கையாலேயே புதைத்தார்கள். வேதக்காரன், புத்தசமயத்தான் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. அவர் பற்றைக்குள் கிடந்தபோது கஞ்சி கொடுத்த பெண்ணிடம் கற்றதோ என்று எனக்குச் சில வேளை தோன்றும். ஆதாரம் கேட்டால் தரமுடியாது.

நோயாளிகளில் எத்தனை பேர் பிறகு வேதத்துக்கு வந்தார்கள் என்று கணக்குப் போடுவது எளிது. வாஸ் அடிகளின் எதிரிகளும் அப்படித்தான் போட்டார்கள்: ஆபத்தில் கிடப்பவனுக்குச் சோறு போட்டு ஆள் பிடிக்கிறான். இந்தக் குற்றச்சாட்டு அன்றோடு முடியவில்லை. 2003 ஓகஸ்ட்டில் இலங்கை உயர் நீதிமன்றத்தின் முன்னால் ஒரு மசோதா வந்தது. மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைச் சட்டப்படி பதிவு செய்வதற்கான மசோதா. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், நோயாளிகளைப் பராமரிக்கிறவர்கள். நீதிமன்றம் சொன்ன தீர்மானம்: அரசியலமைப்பு ஒருவர் தம் மதத்தைக் கைக்கொள்ளவும் வழிபடவும் போதிக்கவும் இடம் தருகிறது, ஆனால் பரப்புவதற்கு அடிப்படை உரிமை தரவில்லை; உதவி செய்வதும் மதத்தைப் பரப்புவதும் ஒரே கையில் இருந்தால் நலிந்தவர்களின் மனச்சுதந்திரத்துக்குப் பாதிப்பு வரலாம். கன்னியர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 2005இல் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது: தன் விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்வதும் சமய சுதந்திரத்தின் ஒரு பகுதியே, கட்டாயப்படுத்தியதற்கு அத்தாட்சி இல்லை. இடையில் 2004இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்ட மசோதா ஒன்றும் வந்து போனது. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கியபோது பேச்சு மறுபடியும் சூடேறியது.

போருக்குப் பிறகு வன்னியில் தகரக் கொட்டில்களில் சிறிய சபைகள் முளைத்ததையும், வீடு கட்டித்தருகிறோம் என்று வந்தவர்கள் சிலர் செபக்கூட்டத்துக்கும் சேர்த்தே அழைத்ததையும் ஊரில் எல்லோரும் பேசினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. இழவு வீட்டில் நிற்கிறவனிடம் ஒரு கையில் அரிசியும் மறுகையில் துண்டுப் பிரசுரமும் நீட்டுவது எனக்கு உவப்பில்லை. அதற்காக, கஞ்சி கொடுக்கிறவர் ஏன் கொடுக்கிறார் என்று கேட்டால்கூட வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் என்பதும் சரியல்ல. வாஸ் அடிகள் கண்டியில் கேட்டவர்களுக்கு மறைக்காமல் சொன்னார். கேட்காதவர்களுக்கும் அதே சோற்றைத்தான் போட்டார்.

உருத்திரபுரம் பங்குத்தந்தையாக இருந்த மரியாம்பிள்ளை சரத்ஜீவன் அடிகள் 2009 இறுதிப் போரில் சனங்களை விட்டுப் போக மறுத்துக் கடைசிவரை கூட நின்று, மே 18 அன்று வெளியே வரும் வழியில் மாரடைப்பால் இறந்தார். அது இத்தொடரின் பிற்பகுதிக்கு உரிய கதை. இங்கே ஒரு வரி மட்டும் சொல்லிவைக்கிறேன். நகரம் காலியாகும்போது நிற்கிற குருமாரின் வரிசை 1697இல் கண்டியிலேயே தொடங்கிவிட்டது.

வாஸ் அடிகள் 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். அவர் கல்லறை இருந்த இடம் பின்னால் மறைந்துபோயிற்று. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14 காலை காலிமுகத்திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டு, அன்று பிற்பகலே மடுவுக்குப் பறந்தார். வன்னிக் காட்டுக்குள் ஒரு பாப்பரசர் கால்வைத்தது அதுவே முதல் முறை.

வாஸ் அடிகள் விட்ட வேலையை எடுத்தவர்களில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். 1705இல் வந்தார், 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். சிங்களத்திலும் தமிழிலும். தேவ அருள் வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் எல்லாம் அவருடையவை. அச்சுக்கூடம் அவரிடம் இல்லை. ஒல்லாந்தரிடம் இருந்தது. 1737 முதல் கொழும்பில் அவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் செபங்களையும் ஞானோபதேசத்தையும் வேதாகமப் பகுதிகளையும் அச்சிட்டார்கள். கொன்சால்வெஸ் அடிகளுக்கு ஓலையும் எழுத்தாணியும்தான். ஓர் ஊரில் எழுதின ஏட்டை அடுத்த ஊர் அண்ணாவி வாங்கிப் பிரதி செய்வார். ஏடு இராமாயணம் மகாபாரதம் போலக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். சோதனை போடவந்த ஒல்லாந்தச் சிப்பாய்க்கு எது எதுவென்று தெரியாது.

அதைவிடப் பெரிய காரியம், அந்த ஏடுகள் வாசிப்பதற்காக அல்ல, பாடுவதற்காக எழுதப்பட்டவை. வியாகுலப் பிரசங்கம் ஒன்பது பகுதிகள். தபசு காலத்தில் கிறிஸ்துவின் பாடுகளை ஒவ்வொன்றாக நினைந்து, இராகத்தோடு வாசிப்பார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவுக் கரையிலும் பழைய சனங்கள் இருக்கிற கோவில்களில் இன்றும் அதைக் கேட்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத ஆச்சி, வாசிப்பவர் தடுமாறினால் அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பார். இராகம் செத்தவீட்டு ஒப்பாரிக்குக் கிட்ட. முள்ளியவளையில் கோவலன் கொலைக்களப் பாட்டைக் கேட்டுக் கண் கலங்குகிறவருக்கு இது அந்நியமாகப் படாது. அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவன், அழுகிற ஒரு பெண். கொன்சால்வெஸ் அடிகள் கோவாக்காரர், ஆனால் நம்மவர் எதற்கு அழுவார்கள் என்று தெரிந்து எழுதினார்.

ஒல்லாந்தர் பக்கத்திலும் தமிழர் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். பிலிப்பு தெ மெல்லோ பாதிரியார் கொழும்பில் பிறந்த தமிழர், பன்மொழிப் புலவர், ஒல்லாந்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் சுதேசி என்று போற்றப்படுபவர். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்து 1790இல் இறந்தார். கத்தோலிக்கரை மறுத்து 1753இல் அவர் எழுதிய சத்தியத்தின் செயம் நல்ல தமிழ். சைமன் காசிச்செட்டி தன் தமிழ் புளூராக்கில் அவருக்கு இடம் கொடுத்திருக்கிறார். மெல்லோவிடம் புலமையும் இருந்தது, பக்தியும் இருந்தது. அவர் நின்ற இடம்தான் அரசாங்கத்தின் திண்ணை.

அந்தத் திண்ணை சரிந்தபோது என்ன நடந்தது என்பது இலங்கைச் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1795 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தையும் 1796 பெப்ரவரியில் கொழும்பையும் பிரித்தானியர் பிடித்தார்கள். கோவிலுக்கு வராதவனுக்குத் தண்டம் என்ற சட்டத்தைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை. இலட்சம் பேர் என்று தோம்பில் எழுதப்பட்ட கிறிஸ்தவர்கள் எங்கே? 1806இல் குளோடியஸ் புக்கானன் என்ற அங்கிலிக்கன் பாதிரியார் யாழ்ப்பாணம் வந்தார். பால்டேயஸ் வருணித்த ஆலயங்களின் சுவர்கள் நின்றன, கூரை இல்லை. அங்கே அவர் கண்ட புரட்டஸ்தாந்து போதகர் ஒரேயொருவர்: கிறிஸ்தியான் தாவீது, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர், சுவார்ச்சு ஐயரின் மாணவர். அவரும் ஒல்லாந்தர் வைத்துவிட்டுப் போனவரல்ல, தரங்கம்பாடி மிஷனில் பழகி வந்தவர். நூற்று முப்பத்தெட்டு ஆண்டு ஆட்சி, அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், தோம்பு எல்லாவற்றுக்கும் பிறகு மிச்சம் இவ்வளவு.

அதே வேளையில் கத்தோலிக்கக் கிராமங்கள் வெளியே வந்தன. சில்லாலை அப்படியே இருந்தது. மடுவுக்குச் சனம் கூட்டம் கூட்டமாக நடந்தது. மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையிலும் மூப்பர்மார் பெட்டிக்குள்ளிருந்து சுரூபங்களை எடுத்தார்கள். 1806 மே மாதம் தேசாதிபதி தோமஸ் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த ஒல்லாந்தத் தடைச் சட்டங்களை நீக்கினார். வழிபாட்டுக்குத் தடையில்லை, உத்தியோகத்துக்குத் தடையில்லை, அவர்களின் கலியாணங்களும் செல்லும். சட்டம் வெளியானபோது கொழும்பில் மணி அடித்திருப்பார்கள். வன்னியில் அந்தச் செய்தி யார் காதில் விழுந்திருக்கும்? அங்கே மூன்று ஆண்டுக்கு முன்னர்தான் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்து, பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போயிருந்தான். 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் துரைமார் அவனை வென்றார்கள். வன்னிமையின் கதை ஏறத்தாழ முடிந்தது. அத்தோடு தொன் என்ற பட்டமும் காணாமற் போனது; அதைத் தேடியவர் யாருமில்லை.

முள்ளியவளை? மாறவில்லை. போர்த்துக்கேயன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், 1782இல் ஒல்லாந்த லெப்டினன்ட் நாகல் படையோடு வந்து முல்லைத்தீவில் இருந்துகொண்டு வன்னியை நேரடியாகவே ஆண்டான். காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீர் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கரையிலே வேதம், உள்ளே சைவம் என்ற கோடு அன்றைக்கே விழுந்துவிட்டது. அந்தக் கோட்டைச் சண்டைக் கோடு என்று நினைக்கக்கூடாது. கரையோரத்தான் மீன் கொண்டு உள்ளே போவான், உள்ளூரான் நெல் கொண்டு கரைக்கு வருவான். தீர்த்தமெடுக்கப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நிற்பவர்களில் கழுத்தில் செபமாலை போட்டவர்களும் உண்டு. வாஸ் அடிகளின் ஆட்கள் முள்ளியவளையை வெல்ல முயன்றதாக ஒரு தடயமும் நான் காணவில்லை. ஏற்கனவே விசுவாசம் இருந்த இடத்தில் அது அணையாமல் பார்த்துக்கொண்டார்கள், கேட்டு வந்தவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு மேலே ஆசைப்பட அவர்களிடம் ஆளும் இல்லை, அதிகாரமும் இல்லை.

ஆளும் அதிகாரமும் உள்ளவர்கள் அடுத்த நூற்றாண்டில் வந்தார்கள். 1816இல் தெல்லிப்பளையில் அமெரிக்க மிஷனரிமார் வேலையைத் தொடங்கினார்கள். 1847 நவம்பர் 28இல் காலித் துறைமுகத்தில் செமேரியா அடிகள் தலைமையில் அமலமரித் தியாகிகள் இறங்கினார்கள். அவர்கள் யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டைப் பார்த்தபோது, குளங்கள் உடைந்து, காய்ச்சலில் ஊர்கள் ஆளொழிந்து கிடந்தன. மூப்பர்மாருக்கோ தாங்களே கோவிலை நடத்திப் பழகிப்போயிருந்தது. கோவாக் குருமாருக்குப் பழகின சனத்துக்கும் புதிதாக வந்த பிரெஞ்சுக் குருமாருக்கும் இடையே வந்த இழுபறியை அடுத்த இதழில் பார்ப்போம்.